கோட்டை வந்தது, காடு போனதா? – வாசகர் கேள்வி-பதில்

இடைக்காலத்தில் ஒரு நாட்டின் எல்லையைத் தாண்டிப் படையும் குடியேற்றமும் வந்தபோது அங்கிருந்த காடு, ஆறு, விலங்கு எல்லாம் என்ன ஆயின என்று ஆராயும் தொல்லியலாளர்களின் வேலை பற்றிக் கேள்விகள் அனுப்பும்படி வாசகர்களைக் கேட்டிருந்தோம். வந்தவற்றில் ஒரே மாதிரியானவற்றைச் சேர்த்து, துறையில் இருப்பவர்களிடம் பதில் வாங்கித் தந்திருக்கிறோம். சில கேள்விகளுக்கு நீளமான பதில் தேவைப்பட்டது. பொறுத்துக்கொள்ளுங்கள்.

கோட்டை, போர், ராஜா எல்லாம் சரித்திரப் புத்தகத்திலேயே இருக்கிறதே. மண்ணையும் மகரந்தத்தையும் தோண்டிப் புதிதாக என்ன சொல்லிவிட முடியும்? – வாசகர், பாயான் லெப்பாஸ்

அந்தப் புத்தகத்தை எழுதியவர் யார் என்று பாருங்கள். ஐரோப்பாவின் பால்டிக் கரையை எடுத்துக்கொள்வோம். 1230களில் டியூட்டானிக் வீரத்துறவியர் சபை (சிலுவைப்போர் நடத்திய ஜெர்மானியத் துறவிப்படை) விஸ்துலா ஆற்றங்கரையிலிருந்து பிரஷ்ஷியப் பழங்குடிகளின் நாட்டுக்குள் புகுந்தது. 1283 வாக்கில் நாடு கைக்கு வந்துவிட்டது. 1309இல் சபையின் தலைவர் வெனிஸிலிருந்து இன்றைய போலந்தில் உள்ள மால்போர்க் கோட்டைக்கே குடிமாறினார். இவ்வளவும் எழுத்தில் உண்டு. ஆனால் எழுதியவர்கள் பிடித்தவர்கள். பிரஷ்ஷியர்களிடம் அன்று எழுத்து வழக்கம் இல்லை. அவர்கள் எதைப் பயிரிட்டார்கள், காட்டை எப்படி வைத்திருந்தார்கள் என்பதற்குச் சதுப்பில் படிந்த மகரந்தமும் குப்பைக் குழியின் எலும்பும்தான் சாட்சி.

மால்போர்க் செங்கல் கோட்டை. செங்கல்லுக்குக் களிமண் மட்டும் போதாது, சூளைக்கு விறகு வேண்டும். சுண்ணாம்பு சுடவும் விறகு வேண்டும். அதோடு மரம், தார், சாம்பல் எல்லாம் டான்சிக் துறைமுகம் வழியாக மேற்கே கப்பலேறின. பிற்கால ஆங்கிலேய, பிளெமிஷ் ஓவியங்களின் பின்பலகைகளில் பல பால்டிக் ஓக் என்று மர வளையங்களை ஒப்பிட்டுக் கண்டுபிடித்திருக்கிறார்கள்.

ஆக, கோட்டை வந்தது, காடு போனது என்று முடித்துவிடலாமா? அங்கேதான் தடுக்கி விழுகிறார்கள். சில இடங்களில் சபை வருவதற்கு முன்பே காடு திருத்தப்பட்டிருந்தது. பிரஷ்ஷியாவுக்கும் லித்துவேனியாவுக்கும் நடுவே, இரு தரப்பும் மாறி மாறிப் படையெடுத்ததால் ஊர்கள் காலியாகி, பரந்த காட்டு வெளி ஒன்று அப்படியே நின்றது. அங்கே எல்லை காட்டைக் காத்தது. இங்கிலாந்தின் ரீடிங் பல்கலைக்கழகத்து அலெக்ஸ் பிளஸ்கொவ்ஸ்கி தலைமையில் 2010 முதல் பால்டிக் சிலுவைப்போர்களின் சுற்றுச்சூழலை ஆராய்ந்த திட்டம், ஒரே கேள்வியைக் கோட்டைக்குக் கோட்டை தனித்தனியாகக் கேட்டதற்குக் காரணம் இதுதான். ஒரு சதுப்பின் பதிலை ஒரு நாட்டின் பதிலாக்கக் கூடாது.

மகரந்தத்தூளை வைத்து எழுநூறு வருடத்துக்கு முந்தைய காட்டை எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்? ஒவ்வொரு படியாகச் சொல்லுங்கள். – ஆறாம் படிவ மாணவி, சுங்கை பட்டாணி

முதலில் இடம். மகரந்தத்தின் மேலோடு காற்றுப் படாத ஈரத்தில் ஆயிரக்கணக்கான வருடம் அழியாது. ஈரமும் வறட்சியும் மாறி மாறி வந்தால் மக்கிவிடும். அதனால் எப்போதும் நனைந்தே இருக்கும் சதுப்பு, குளம், ஏரிச் சேறு வேண்டும். அளவும் முக்கியம். சில பத்து மீட்டர் அகலமுள்ள சின்னக் குட்டை, சுற்றியுள்ள வயலையும் தோப்பையும் காட்டும். பெரிய ஏரி வட்டாரம் முழுவதையும் கலந்து காட்டும். கோட்டைக்கும் காட்டுக்கும் உள்ள உறவு வேண்டுமென்றால் கோட்டைக்குப் பக்கத்தில் சின்னக் குட்டை, தள்ளி ஒரு பெரிய ஏரி, இரண்டும் எடுப்பது நல்லது.

அடுத்தது துளையிடல். ரஷ்யத் துளைப்பான் என்று ஒரு கருவி: நுனியில் அரை மீட்டர் நீள அறை, மேலே ஒரு மீட்டர் கம்பிகளை ஒன்றோடொன்று முடுக்கி, தலையில் குறுக்குக் கைப்பிடி. அறையை மூடியபடி வேண்டிய ஆழத்துக்கு அழுத்தி, அரை வட்டம் திருப்பினால் கூர் விளிம்பு சேற்றை அரை உருளையாக வெட்டி உள்ளே அடைத்துக்கொள்ளும். அதன் மூக்கு, அறைக்குக் கீழே உள்ள சேற்றைக் கலக்கிவிடும் என்பதால் ஒரே துளையில் தொடர்ந்து இறங்கக் கூடாது. அரை மீட்டர் தள்ளி இரண்டாவது துளை போட்டு, மாறி மாறி, ஒவ்வொரு துண்டும் முந்தையதோடு 10 செ.மீ. ஒன்றின்மேல் ஒன்று படியும்படி எடுப்பார்கள். எடுத்த துண்டை நீளவாக்கில் பிளந்த பி.வி.சி. குழாயில் கிடத்தி, பிளாஸ்டிக் தாள் சுற்றி, மேல் நுனி எது கீழ் நுனி எது என்று அப்போதே அழியாத மையில் எழுத வேண்டும். தலைகீழாகக் குறிக்கப்பட்ட ஒரு துண்டு மாதக்கணக்கான வேலையை வீணாக்கிவிடும், பிறகு எதை வைத்தும் சரிசெய்ய முடியாது. சேமிப்பு 4 டிகிரியில். உறைய வைத்தால் மெல்லிய படிவங்கள் குலையும்.

இடைக்காலத்தைத் தேடுபவர்களுக்கென்று ஒரு சங்கடம் உண்டு. அவர்களுக்கு வேண்டிய அடுக்கு பெரும்பாலும் மேலே, கைக்கெட்டும் ஆழத்தில் இருக்கிறது. விவசாயத்துக்கு வடிகால் வெட்டினாலோ, எரிபொருளுக்குக் கரிச்சேறு வெட்டி எடுத்தாலோ முதலில் காணாமல் போவதும் அதுதான். ஆழத்தில் பத்தாயிரம் வருடக் காடு பத்திரமாக இருக்கும். 13ஆம் நூற்றாண்டு இருக்காது.

ஆய்வுக்கூடத்தில் ஒவ்வொரு மட்டத்திலிருந்தும் 1 கன செ.மீ. சேறு எடுத்து, எண்ணிக்கை தெரிந்த லைக்கோபோடியம் (பெரணிக்கு உறவான ஒரு சிறு செடி) வித்துகள் உள்ள மாத்திரையைப் போடுகிறார்கள். ஹைட்ரோகுளோரிக் அமிலம் மாத்திரையையும் சுண்ணாம்பையும் கரைக்கும். 10 சதவீதப் பொட்டாசியம் ஹைட்ராக்சைடில் சூடாக்கினால் மக்கின் கறுப்பு போகும். பிறகு சல்லடை. மணல், வண்டலைக் கரைக்க ஹைட்ரோஃபுளோரிக் அமிலம். இதற்குத் தனிப் புகைப்போக்கியும், பக்கத்திலேயே அந்த அமிலத்துக்கு முறிவான கால்சியம் குளுக்கோனேட் களிம்பும் இல்லாத கூடத்தில் யாரும் தொடக் கூடாது. தோலில் பட்டால் முதலில் வலிக்காமலே இருக்கலாம், உள்ளே எலும்பு வரை போகும். அந்த வசதி இல்லாதவர்கள் அடர்திரவத்தில் மகரந்தத்தை மிதக்கவிட்டுப் பிரிக்கிறார்கள். கடைசியாக அசிட்டிக் அன்ஹைட்ரைடு 9 பங்கு, அடர் கந்தக அமிலம் 1 பங்கு சேர்ந்த கலவையில், கொதிநீர்த் தொட்டியில் வைத்துச் சில நிமிடம். இந்தக் கலவை தண்ணீரைக் கண்டால் சீறும். அதனால் அதற்கு முன்னும் பின்னும் கழுவுவது தூய அசிட்டிக் அமிலத்தில்.

இனி எண்ணுவது. 400 மடங்கு பெரிதாக்கி, ஒரு மட்டத்துக்கு 300 முதல் 500 மகரந்தம் வரை. மாத்திரை போட்டது எதற்கென்று இப்போது தெரியும்: போட்ட வித்து 10,000, கண்ணில் பட்டது 200, அதே நேரம் எண்ணிய மகரந்தம் 400 என்றால், அந்த ஒரு கன செ.மீ.யில் மொத்தம் 20,000 மகரந்தம். சதவீதம் மட்டும் பார்த்தால் ஓக் குறைந்ததா, புல் கூடியதா என்று பிரிக்க முடியாது. இந்தக் கணக்கு அதைப் பிரித்துக் காட்டும்.

தவறான முடிவுகள் பிறப்பது பெரும்பாலும் எண்ணி முடித்த பிறகு. ரை தானியம் காற்றில் மகரந்தம் தூவும் பயிர். கோதுமையும் பார்லியும் உமிக்குள்ளேயே மகரந்தச் சேர்க்கையை முடித்துவிடும், வெளியே விடுவது கொஞ்சம். ஆகவே வரைபடத்தில் ரை உயர்ந்து நிற்பதைப் பார்த்து ஊரே ரை தின்றது என்று எழுதிவிடக் கூடாது. தானிய மகரந்தத்தைக் காட்டுப்புல்லிலிருந்து பிரிப்பது அளவை வைத்து, சுமார் 40 மைக்ரோனுக்கு மேல் என்று. ஆனால் கிளிசரின் கூழில் பதித்தால் மகரந்தமணி வீங்கி, சாதாரணப் புல்கூட அந்த எல்லையைத் தாண்டும். அதனால்தான் பலர் சிலிக்கோன் எண்ணெயில் பதிக்கிறார்கள். கண்ணாடியை மெல்லத் தட்டினால் மணி உருண்டு மறுபக்கமும் காட்டும்.

நம் மலேசியாவுக்கு இதே முறை அப்படியே செல்லாது. நெல்லின் மகரந்தத்தைக் காட்டுப்புல்லிலிருந்து பிரிப்பது மிகக் கடினம். அதற்குப் பதிலாக நெல் இலையிலும் உமியிலும் உருவாகி மண்ணில் தங்கும் சிலிக்கா துகள்களைத் தேடுகிறார்கள். இலையுடையது விசிறி வடிவம், உமியுடையது இரட்டைக் கொம்பு வடிவம். நம் மழைக்காட்டு மரங்கள் பல பூச்சி வழி மகரந்தம் சேர்பவை, தூவும் மகரந்தம் குறைவு. காடு அடர்ந்து நின்றாலும் சேற்றில் அடக்கமாகத்தான் தெரியும்.

சுங்கை பத்துவில் இரும்பு உருக்கினார்கள் என்கிறோம். அப்படியானால் கெடாவின் காட்டை அழித்தது அவர்கள்தானா? – ஆசிரியர், ஜார்ஜ்டவுன்

நியாயமான சந்தேகம். உலைகளும், துருத்திக் குழாய்களும், இரும்புக் கசடும் அங்கே ஏராளமாகக் கிடைத்திருக்கின்றன. இரும்பு உருக்க மரக்கரி வேண்டும், கரிக்கு மரம் வேண்டும். ஆனால் மரம் வெட்டினார்கள் என்பதும் காடு அழிந்தது என்பதும் ஒன்றில்லை. பேராக்கின் மாத்தாங் பாக்காவ் (கடலோரச் சதுப்பு மரம்) காட்டைப் பாருங்கள். 1902 முதல் நிர்வகிக்கப்படுகிறது, 30 ஆண்டுச் சுழற்சியில் வெட்டி, கோலா செப்பெத்தாங் சூளைகளில் கரியாக்குகிறார்கள். காடு இன்றும் நிற்கிறது. வெட்டிய வேகம், திரும்ப வளர்ந்த வேகம் இரண்டையும் சேர்த்துக் கேட்காத கேள்விக்கு அர்த்தமில்லை.

அதைக் கேட்கும் வழி உலைக் கரியிலேயே இருக்கிறது. ஒரு அடுக்குக்குக் குறைந்தது நூறு கரித்துண்டு. ஒவ்வொன்றையும் குறுக்கே, ஆரவாக்கில், தொடுகோட்டு வாக்கில் என மூன்று திசையில் ஒடித்து, மேலிருந்து ஒளி விழும் நுண்ணோக்கியில் துளைகளின் அமைப்பைப் பார்த்தால் என்ன மரம் என்று தெரியும். பழைய அடுக்கில் கடினமான நல்ல விறகு, மேலடுக்கில் கண்ட கண்ட மரம், சின்னச் சுள்ளி என்று மாறினால் தட்டுப்பாடு வந்திருக்கலாம். மாறவே இல்லையென்றால் அழிவுக் கதையைக் கொஞ்சம் தள்ளி வைக்க வேண்டும்.

பக்கத்துச் சேற்றில் பாக்காவ் மகரந்தம் குறைந்திருக்கிறதே என்று சிலர் உடனே கை நீட்டுவார்கள். மெர்போக் ஆற்று முகத்தில் இதில் ஒரு பொறி இருக்கிறது. பல நூற்றாண்டுகளாக வண்டல் படிந்து கரை கடலுக்குள் முன்னேறியிருக்கிறது. கரை நகர்ந்தால் பாக்காவும் அதோடு நகரும், மனிதன் கோடாரியைத் தொடாமலே ஓரிடத்தில் மகரந்தம் குறையும். அதனால் ஒரே துளையில் உப்புநீர் டயாட்டம் பாசிகளையும், 125 மைக்ரோனுக்கு மேற்பட்ட கரித்துகளையும் சேர்த்து எண்ண வேண்டும். டயாட்டம் நன்னீருக்கு மாறியபோதே பாக்காவும் குறைந்தால் கடல்தான் விலகியது. உப்புநீர் அப்படியே இருந்து, கரி மட்டும் கூடி, பாக்காவ் குறைந்தால் மனிதக் கையைச் சந்தேகிக்கலாம்.

தேதியிலும் கவனம். கரியின் கார்பன் தேதி (அதில் எஞ்சிய கார்பன்-14ஐ அளந்து கணிப்பது), அந்த மரத்துண்டு வளர்ந்த காலத்தைச் சொல்கிறது, உலை எரிந்த நாளை இல்லை. இருநூறு வயது மரத்தின் நடுத்தண்டு, உலையை இருநூறு வருடம் பழையதாகக் காட்டிவிடும். நெல்மணி, கொட்டை ஓடு, பட்டையோடு கூடிய சுள்ளி போன்ற ஓரிரு வருட உயிரிலிருந்து வந்த தேதிகளையே நம்ப வேண்டும்.

1025இல் இராசேந்திர சோழன் கடாரத்தை (இன்றைய கெடா) தாக்கியது மண்ணில் தெரியுமா? – வாசகர், பிரிக்ஃபீல்ட்ஸ்

சாதாரண முறையில் தெரியாது. கார்பன் தேதி பல பத்தாண்டு அகலமுள்ள ஒரு வீச்சைத்தான் தரும், ஓராண்டை அல்ல. அடித்துவிட்டுத் திரும்பிய படை காட்டின் மேல் தழும்பு விடுவதும் அரிது. குடியேறி உழுதால்தான் சேறு பேசும்.

ஒரு விதிவிலக்கு சொல்லலாம், சோழர் ரசிகர்களுக்கு ஆறுதலாக. 993 வாக்கில் விண்ணிலிருந்து வந்த கதிர்வீச்சால் உலகெங்கும் அந்த வருட மர வளையத்தில் கார்பன்-14 திடீரென்று ஏறியிருக்கிறது. கனடாவின் லான்ஸ் ஓ மெடோஸில் வைக்கிங்குகள் வெட்டிய மரத்தில் அந்த வளையத்திலிருந்து பட்டை வரை 28 வளையங்களை எண்ணி, வெட்டிய ஆண்டு 1021 என்று 2021இல் அறிவித்தார்கள். கடாரத்துக்கு நான்கே வருடம் முந்தியது! அந்தக் காலத்துத் தேக்குக் கம்பம் ஒன்று பட்டையோடு சேற்றில் கிடைத்தால் இங்கும் முயலலாம். தேக்கில் ஆண்டு வளையம் உண்டு. நம் மழைக்காட்டு மரங்கள் பலவற்றில் நம்பி எண்ணும்படியான வளையம் இல்லை.

ஐரோப்பியக் கோட்டைகளில் எலும்பை வைத்து நிறையச் சொல்கிறார்கள். இங்கே ஏன் அவ்வளவாகக் கேள்விப்படுவதில்லை? – வாசகி, நிபோங் திபால்

மண்தான் காரணம். நம் செம்மண் அமிலத்தன்மை உள்ளது, எலும்பைக் கரைத்துவிடும். சிப்பி மேடுகளில் மட்டும் சிப்பியின் சுண்ணாம்பு அமிலத்தை முறித்து எலும்பைக் காக்கிறது. செபராங் பிறையின் குவார் கெப்பாவில் கற்கால மனித எலும்புகள் தப்பியதும் அப்படித்தான்.

எலும்பு கிடைக்கும் இடத்திலும் கையால் பொறுக்கினால் மாட்டுத் தொடையும் பன்றித் தாடையும்தான் பைக்குள் வரும். 2 மி.மீ. சல்லடையில் அலசாத குழியில் மீனும் கோழிக்குஞ்சும் இருந்ததாகவே தெரியாது. அலசாத குழியையும் அலசிய குழியையும் பக்கத்தில் வைத்து "இவர்கள் மீன் தின்னவில்லை" என்று எழுதிய பழைய அறிக்கைகளை இன்று யாரும் நம்புவதில்லை.

எங்கள் பள்ளி வரலாற்றுக் கழகத்தில் மண் அலசிக் காட்ட ஆசை. எளிய முறை உண்டா? – ஆசிரியை, பட்டர்வொர்த்

உண்டு, பள்ளித் தோட்டத்து மண்ணிலேயே. 10 லிட்டர் வாளியில் 2 லிட்டர் மண், முக்கால் வாளி தண்ணீர். கையால் மெல்லக் கிளறி, அரை நிமிடத்தில் மிதப்பதை மட்டும் 0.3 மி.மீ. கண்ணுள்ள துணியில் வடியுங்கள். மிதப்பது நிற்கும்வரை திரும்பச் செய்யுங்கள். களிமண் கட்டி உடையாவிட்டால் சமையல் சோடா கலந்த நீரில் ஓர் இரவு ஊறப்போடலாம். துணியை நிழலில் உலர்த்துங்கள், வெயிலில் போட்டால் கரி வெடித்துத் தூளாகும். அலசுபவர் திறமையைச் சோதிக்க, வாணலியில் கரியாக்கிய 50 கடுகை அவருக்குத் தெரியாமல் மண்ணில் கலந்துவிடுங்கள். நாற்பதுக்கு மேல் திரும்பி வந்தால் கை பரவாயில்லை. உண்மையான அகழ்விடத்தில் ஒரு அடுக்குக்கு 40 லிட்டர் வரை எடுப்பார்கள், அங்கே தொட்டியும் பம்பும் தேவை.

மகள் எஸ்.பி.எம். பள்ளித் தேர்வு முடித்துவிட்டு இந்தத் துறைக்குத்தான் போவேன் என்கிறாள். சோறு போடுமா? – தாயார், புக்கிட் மெர்தாஜம்

போடும், ஆனால் தாமதமாக. தொல்லியல் பட்டம்தான் வேண்டும் என்று நிற்க வேண்டாம். இந்தப் பிரிவுக்கு உயிரியல், புவியியல், நிலவியல் படித்தவர்களே அதிகம் தேவைப்படுகிறார்கள். பல்கலைக்கழகத்துக்கு முந்தைய எஸ்.டி.பி.எம்.மிலோ மெட்ரிகுலேசியிலோ உயிரியலையும் வேதியியலையும் விடாமல் இருக்கச் சொல்லுங்கள். வரலாற்றை வாசித்துக் கற்கலாம். அமிலத்தோடு பழகுவதை வாசித்துக் கற்க முடியாது. முதுகலையும் முனைவர் பட்டமும் பினாங்கிலேயே, யு.எஸ்.எம்.மின் (மலேசிய அறிவியல் பல்கலைக்கழகம்) உலகத் தொல்லியல் ஆய்வு மையத்தில் செய்யலாம். பிரிட்டன் போவதென்றால் செவெனிங், காமன்வெல்த் உதவித்தொகைகளுக்கு மலேசியர்கள் விண்ணப்பிக்கலாம்.

மறைக்காமல் சொன்னால், முனைவர் பட்டத்துக்குப் பிறகு சில வருடம் இரண்டு மூன்றாண்டு ஒப்பந்த வேலைகள்தான். துறைகளே மூடப்படுவதும் உண்டு. புகழ்பெற்றிருந்த தன் தொல்லியல் துறையை மூட இங்கிலாந்தின் ஷெஃபீல்ட் பல்கலைக்கழகம் 2021இல் முடிவெடுத்தது. அதனால் வேறு இடத்திலும் விலைபோகும் திறமை ஒன்று கையில் இருக்க வேண்டும். மகரந்தம் படித்தவர்களுக்கு எண்ணெய் எரிவாயுத் துறையில் பாறை அடுக்கின் வயதைக் கணிக்கும் வேலை உண்டு. வரைபடமும் புள்ளிவிவரமும் தெரிந்தவர்களைச் சுற்றுச்சூழல் தாக்க ஆய்வு நிறுவனங்கள் எடுக்கின்றன. வரைபடத்துக்குக் கியூ.ஜி.ஐ.எஸ்., புள்ளிவிவரத்துக்கு ஆர், இரண்டும் இலவச மென்பொருள்கள், இப்போதே தொடங்கலாம்.

இன்னொன்று மொழி. பால்டிக் எல்லையை ஆராய்பவருக்கு லத்தீனும் ஜெர்மனும் கொஞ்சமாவது வேண்டும். கடாரத்தை ஆராய்பவருக்கு மலாய் அறிக்கைகளையும் தமிழ்க் கல்வெட்டையும் மொழிபெயர்ப்பில்லாமல் வாசிக்க முடிந்தால், அது இந்த நாட்டில் மிகச் சிலரிடமே உள்ள தகுதி. உங்கள் மகள் தமிழை எஸ்.பி.எம்.மோடு நிறுத்திவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

மெர்போக் பக்கம் எங்கள் நிலத்தில் வடிகால் வெட்டியபோது பழைய செங்கல்லும் கருகிய பானை ஓடும் வந்தன. என்ன செய்வது? – வாசகர், பீடோங்

வெட்டுவதை அந்த இடத்தில் நிறுத்துங்கள். 2005ஆம் ஆண்டின் தேசிய மரபுடைமைச் சட்டப்படி உடனே மாவட்ட அதிகாரிக்கோ தேசிய மரபுடைமைத் துறைக்கோ தெரிவிக்க வேண்டும். சொந்த நிலம் என்பதால் தோண்டிப் பார்க்க உரிமை வந்துவிடாது. அவர்கள் வரும்வரை வடிகாலின் பக்கச்சுவரை அப்படியே விட்டு, பக்கத்தில் ஒரு அளவுகோல் வைத்துப் படம் எடுங்கள், கைப்பேசியில் இடக்குறியைச் சேமியுங்கள். மழை என்றால் மேலே ஒரு தார்ப்பாய், வெட்டிய மண்ணைத் தனிக் குவியலாக வையுங்கள், லாரியில் ஏற்றிவிடாதீர்கள்.

ஏற்கெனவே வெளியே வந்துவிட்ட ஓடுகளைக் கழுவ வேண்டாம். உள்பக்கம் ஒட்டியிருக்கும் கருகல் சமைத்த உணவின் எச்சமாக இருக்கலாம், அதிலிருந்து கொழுப்பைப் பிரித்து என்ன சமைத்தார்கள் என்று பார்க்க முடியும். வெறுங்கையால் உள்பக்கத்தைத் தொடாமல் அலுமினியத் தாளில் சுற்றுங்கள். பிளாஸ்டிக் பையில் நேராகப் போட்டால் பையின் ரசாயனம் ஓட்டில் ஏறி, ஆய்வில் அதுவே முதலில் தெரியும்.